பாக்கி

காரைக்குடி பெரியாஸ்பத்திரி, இரண்டாம் மாடி.
ஏழாம் கட்டில் அடைக்கலத்திடம்
தலைமாட்டுப் பக்கமிருந்து யாரும் வரக்கூடாது.
கால்மாட்டில் நின்று, முகம் காட்டி,
பெயர் சொல்லி, அப்புறம்தான் நாடி.
தொடலாமா என்று கேட்பேன்.
சில இரவு தலையாட்டுவார்.
சில இரவு இல்லை. இல்லை என்றால் இல்லைதான்.
சார்ட்டில் அந்தக் கட்டம் காலியாகக் கிடக்கும்,
காலையில் பெரிய சிஸ்டரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வேன்.

மருந்து வண்டியின் கிறீச்சிடும் சக்கரத்துக்குப்
பிளாஸ்டர் சுற்றியிருக்கிறேன்.
டிரேக்கு அடியில் துணி.
பலகையில் சாக்பீஸால் ஒரு வரி:
இந்த வார்டில் யாரும் 'ரைட்' சொல்லாதீர்கள்.
புதிதாக வந்த பயிற்சி டாக்டர் படித்துச் சிரித்தார்.
ரவுண்ட்ஸ் முடித்து, ஃபைலை மூடி,
பழக்கத்தில் "ரைட்" என்றார்.
கட்டிலுக்கு அடியிலிருந்து அடைக்கலம் வெளியே வர
நாற்பது நிமிஷம்.
நானும் தரையில் படுத்துக்கொண்டேன்,
ஒரு கை தூரம் விட்டு.
மறுநாள் அந்த வரிக்கு அடியில்
டாக்டரே கோடு போட்டார்.

பத்தொன்பது வருஷம் கண்டக்டர்.
அன்றைக்கும் அவர் சொன்னது அந்த ஒரு சொல்தான்.
படியில் இன்னும் கால் ஊன்றாத ஒருவன்;
பின்னால் லாரி.
"நான்தானே சொன்னேன் சிஸ்டர்."
இதற்கு என்னிடம் மாத்திரை இல்லை.
ஒண்ணுமில்லை, பயப்படாதீங்க என்றும் சொல்வதில்லை.
ஒன்று இருக்கிறது. அது இருவருக்கும் தெரியும்.

மூச்சு முட்டும்போது
கண்ணில் படும் ஐந்து பொருளைச் சொல்லவை
என்பது படிப்பு.
ஃபேன், என்றார். ஃபேன். ஃபேன்.
படிப்பு அத்தோடு தீர்ந்தது.
பாதத்தைத் தரையில் வையுங்கள் என்றேன்.
ஆத்தங்குடிக் கல் இல்லை, சர்க்கார் சிமெண்ட்;
ஆனாலும் குளிர்ச்சி.
அந்தக் குளிர்ச்சி எதைத் தொட்டதோ,
ஸ்டாப் ஸ்டாப்பாகச் சொல்லத் தொடங்கினார்.
பஸ் ஸ்டாண்டு. ஸ்ரீராம் நகர்.
கோட்டையூர். பள்ளத்தூர்.
அங்கே நின்றுவிட்டார்.
அடுத்த ஸ்டாப்பின் பெயர்
கடைவாய்ப் பல்லில் சிக்கியதுபோல் தாடை அசையும், வராது.
ஆறு வாரமாகப் பள்ளத்தூரோடு சரி.

அந்த அடுத்த ஸ்டாப்பில்தான் என் வீடு.
அவரிடம் சொன்னதில்லை.
டூட்டி முடிந்து புளியமரத்தடியில் ஸ்கூட்டியைத் திருப்பும்போது
கண்ணாடித்தூள் இன்னும் வெயிலில் மினுக்கும்.
நானும் மூச்சை எண்ணித்தான் திருப்புகிறேன்.

நேற்று விடிகாலை, எங்கோ முகூர்த்த வேட்டு.
கட்டில் கம்பியைப் பிடித்த விரல்கள் வெளுத்தன.
ஸ்டூலை இழுக்காமல் தூக்கி வந்து
கால்மாட்டில் உட்கார்ந்தேன்.
பாதம் தரையில். உள்ளே நாலு, வெளியே ஆறு.
வராண்டாவிலிருந்து அவர் மனைவி அழகம்மை எட்டிப் பார்த்துவிட்டு
தூங்குவதாகப் பேர் பண்ணிக்கொண்டு படுத்தார்.
திடீரென்று,
நான் கேட்டேயிராத உரத்த குரலில்:
"எங்கே போகணும்?"

என்னைத்தான்.
தொண்டை ஒட்டிக்கொண்டது.
"பள்ளத்தூர் ஒண்ணு."
வெகுநேரம் முகத்தையே பார்த்தார்.
பிறகு மாத்திரைக் கவரில் ஒரு துண்டு கிழித்தார்.
வெறுங்கையை நீட்டினேன்; வாங்கிக்கொண்டார்.
சில்லறை இல்லையாம்.
என் பேனாவை எடுத்துப் பின்பக்கம் எழுதினார்:
பாக்கி 3.
"இறங்கும்போது கேட்டு வாங்கிக்குங்க."

ரைட் சொல்லவில்லை.
அதனால் பஸ் நின்றது நின்றபடி.
கொசுவர்த்தி சாம்பலாகி,
பால் வண்டி வந்து போய்,
அடுத்த டூட்டி சிஸ்டர் படியேறும்வரை
இரண்டு பேரும் அதில் உட்கார்ந்திருந்தோம்.