ஒண்டுமில்லை

இந்த வருசத்தில் இது நாலாவது ஈசிஜி.
நெஞ்சில் ஒட்டிய பசையை நான் துடைத்து முடிக்கவில்லை,
டொக்டர் சொல்லிவிட்டார்:
"ஒண்டுமில்லை அக்கா."
மீசை சரியாக முளைக்காத பிள்ளை.
எனக்கு உள்ளங்கை வேர்க்கத் தொடங்குகிறது.

மூதூர் லோஞ்சில் டிக்கெட் கிழிப்பவர் அப்பா.
ஒரு புதன்கிழமை மத்தியான ஓட்டத்தோடு வந்துவிட்டார்.
சேட்டைக் கழற்றாமல் படியில் இருந்து
நெஞ்சைத் தடவினார்.
"ஒண்டுமில்லை, வாய்வு."
சோடா வாங்கிவர என்னைத்தான் அனுப்பினார்கள்.
மிச்சக் காசுக்கு டொபி வாங்கலாமா என்று
கடை வாசலில் நின்று யோசித்தேன்.
எவ்வளவு நேரம் யோசித்தேன் என்று
முப்பத்தொரு வருசமாகக் கணக்குப் பார்க்கிறேன்.

அன்று பின்னேரம் பெரியாஸ்பத்திரி வாட்டு வாசலில்
சிவகடாட்சம் மாமா குனிந்து சொன்னார்:
"ஒண்டுமில்லை. அப்பா நித்திரை. நீ போய்ப் படி."
படித்தேன். ஏழாம் வாய்ப்பாடு.
விடிய எழும்ப முற்றம் முழுக்க வாங்குகள்.

அதற்குப் பிறகு நான் தும்மினால்
அம்மா பள்ளிக்கூடம் விடமாட்டா.
காய்ச்சல் என்றால் இரவிரவாகப் பக்கத்தில்,
தலையில் கை, நெற்றியில் ஈரத்துணி.
சுகமாயிருந்த நாட்களில்
என்னை யார் பார்த்தது என்று ஞாபகமில்லை.

இப்போது இரவுகளில்
மணிக்கட்டில் இரண்டு விரல்,
சுவரில் மணிக்கூடு.
எண்பத்தெட்டு.
திரும்ப. தொண்ணூற்றாறு.
எண்ண எண்ணக் கூடுகிறது.
எண்ணாமல் விட்டால் நின்றுவிடும்.

பஸ் நிலையத்தடியில் ஈசிஜித் தாள் கைநழுவியது.
குப்பை மேய்ந்துகொண்டிருந்த புள்ளிமான் ஒன்று
அவசரமேயில்லாமல்
என் இதயத்தின் பத்து விநாடியை
மென்று விழுங்கியது.
சிரித்தேன்.
உப்புவெளி பஸ்ஸில் ஏறியபிறகு
இன்னொரு தாள் கேட்டிருக்கலாமோ என்று நினைத்தேன்.

வீட்டில் யதுர்சிகா கட்டிலில் இருக்கிறாள்.
எட்டு வயது.
தன் மணிக்கட்டில் இரண்டு விரல்,
கண் மணிக்கூட்டில்,
உதடு அசைகிறது.
"அம்மா, டொக்டர் என்ன சொன்னவர்?"

சொல் நாக்கு நுனிவரை வந்தது.
விழுங்கினேன்.
"நெஞ்சில வருத்தம் இல்லையாம்.
ஆனா அம்மாவுக்குப் பயமா இருக்கு.
சின்னனில இருந்தே இருக்கு."

அவள் விரலை எடுக்கவில்லை.
யோசித்துவிட்டுக் கேட்டாள்:
"சோடா வாங்கிவரட்டா?"

அவளிடம் நான் சொன்னதேயில்லை அந்தக் கதையை.

நூறு ரூபாய்த் தாள்கள் இரண்டைக் கொடுத்தேன்.
மிச்சத்துக்கு டொபி வாங்கு என்றேன்.
எது வேணுமெண்டு
ஆறுதலா நிண்டு யோசி.