கடைசிக்கு முந்தின ஆள்

கொடி என் கையில்.
தையல் ஆலையில் மிஞ்சிய மஞ்சள் துணி,
நானே வெட்டி மடித்துத் தைத்தது.
சாட்ஸ்வொர்த் மைதானம், ஞாயிறு, மூன்று மணி.
கோட்டோரம் பக்கவாட்டில் ஓடுகிறேன்
நண்டு மாதிரி.

கண் ஒரு பக்கமும் காது ஒரு பக்கமும் போகிற வேலை.
கண், தடுப்பவர் வரிசையில்.
உதைக்கும் கால் எங்கோ நாற்பது கஜம் தள்ளி.
அதைத் திரும்பிப் பார்த்தால் வரிசை போச்சு.
அதனால் உதையைக் காதால் பிடிக்கிறேன்.
'தப்' என்ற அந்த நொடியில்
யார் எங்கே, அதுதான் கணக்கு.
பந்து வந்து சேரும்போது எங்கே என்பது
வேறு கதை.

நின்றவன் நின்றபடியே ஆஃப்சைட் ஆவதுண்டு.
எதிரணி இரண்டடி முன்னேறினால் போதும்,
கோடு அவனைத் தாண்டிப் போய்விடும்.
கேட்டோ மேனரில் அப்பாவும் நகரவில்லை.
ஒரு தாள் வந்தது. அவர் வேறு பக்கம் ஆனார்.
விசில்கூட ஊதவில்லை,
லாரிதான் வந்தது.

போன வருஷம் விதியைத் திருத்தினார்கள்:
சமமாக நின்றால் இனித் தப்பில்லை.
கேன்டீனில் சொன்னேன்.
எல்லோரும் சிரித்தார்கள்,
எந்த விதி என்று ஒருத்தியும் கேட்கவில்லை.

எண்பத்தெட்டாவது நிமிஷம். கார்னர்.
குத்தித் தள்ள வெளியே பாய்ந்த கோல்கீப்பர் நவநீதன்
பாதி தூரத்தில் குப்புற விழுந்து கிடக்கிறான்.
கோல் கோட்டில் ஒரே ஒரு பொடியன்,
கம்பத்தைக் கட்டிக்கொண்டு.
நடுவில் தண்டோ.
வெளியே போன பந்தைக் குமரேசன்
திருப்பி உள்ளே அடித்தான்.
தண்டோ முழங்காலால் தட்டினான். வலை.

நான் கொடியைத் தூக்கினேன்.

ஐயோ, அந்தக் கூச்சல்!
"கோட்டிலேயே ஆள் நிக்கிறானே, கண்ணு தெரியலையா?"
"வீட்டுக்குப் போய் பிரேயானி ஆக்கு!"
இரண்டாவது குரல் என் மச்சினன் மகாலிங்கத்துடையது.

ஆள் நின்றான். ஒரு ஆள்.
விதி கேட்பது இரண்டு.
கடைசி ஆள் கோல்கீப்பராகத்தான் இருக்கவேண்டும் என்று
எங்கும் எழுதவில்லை, நாமாக நினைத்துக்கொண்டது.
அந்த நொடியில் கடைசி ஆள் பொடியன்.
கடைசிக்கு முந்தின ஆள்
மண்ணைத் தின்றுகொண்டிருந்த நவநீதன்.
அவனையும் பந்தையும் தாண்டி நின்றான் தண்டோ.
அவ்வளவுதான்.

ஆட்டம் முடிந்து குழாயடியில் நவநீதன்,
முட்டியில் ரத்தம்.
"காப்பாத்திட்டீங்க அக்கா."
நான் காப்பாற்றவில்லையப்பா.
நீ இடம் தவறினதால் அவன் இடம் தவறினான்.
தலையாட்டினான், புரியாமல்.

ஒன்றை மட்டும் அவனிடம் சொல்லவில்லை,
நடுவரிடமும்.
குமரேசன் கால் வீசியபோது
கிராஸ்மூர் ரயில் தடதடத்துப் போய்க்கொண்டிருந்தது.
'தப்' கேட்டதா,
கேட்டிருக்கும் என்று நானே வைத்துக்கொண்டதா.

பஸ் வரிசையில் எனக்கு முன்னால் தண்டோ.
பூட்ஸைக் கயிற்றால் கழுத்தில் மாட்டியிருந்தான்.
திரும்பிப் பார்க்கவில்லை.
எங்களுக்கு நடுவே இரண்டு பேர்.
எண்ணினேன்,
பழக்கதோஷம்.