காலி எடை

முந்நூறு ரூபாய் கட்டினேன், மதியச் சோறு உட்பட.
ஈரோட்டில் கலைவிழா. மண்டபத்தின் பந்திக் கூடத்தில்
எழுத ஆசைப்பட்டவர்களுக்குப் பட்டறை.
பட்டறை என்றால் எனக்கு லாரிக்குப் பட்டை மாற்றுமிடம்,
நடத்துநர் என்றால் விசில் ஊதுகிறவர்.
அன்றைக்கு இரண்டுக்கும் வேறு அர்த்தம்.

நடத்துநர் பூரணி மேடம் சொன்னார்:
"தெரிந்த ஒருவரை எழுதுங்கள்.
அழகான, பாவப்பட்ட, அப்படி எந்த அடைமொழியும் கூடாது.
இருபது நிமிடம்."

வெளியே பெருஞ்சலங்கைக்காரர்கள் ஒத்திகை.
ஒவ்வொரு மிதிக்கும் டம்ளர் தண்ணீரில் வட்டம்.
பவானிச் சீட்டுக் கம்பெனிக்காரர் நிலாவில் தொடங்கி
அடித்துவிட்டு மறுபடி நிலாவுக்கே போனார்.
பெருந்துறை நர்ஸ் அக்கா பேனாவைக் கடித்தபடி
என் தாளை எட்டிப் பார்த்தார்.

எனக்கு அடைமொழிப் பழக்கமே இல்லைங்க.
காங்கேயம், வெள்ளகோவில் ரோடு, எடை மேடை.
பதினோரு வருசமாக எழுதுவது
வண்டி நம்பர், சரக்கு, மொத்த எடை, காலி எடை, நிகரம்.

அதையே எழுதினேன்.

கொப்பரை லாரி. பாரத்தோடு மேடை ஏறும்போது
டிரைவர் சீட்டில் இருப்பார்.
காலியாகத் திரும்பும்போது இறங்கி
டீக்கடைப் பக்கம் நிற்பார்.
வித்தியாசம் எழுபது கிலோ.
முதலாளி சொல்லிவைத்தது. எனக்கும் தெரியும்.
வாரம் மூன்று நடை அந்த ஆள்
கொப்பரையோடு கொப்பரையாக விலைபோனார்.
சீட்டில் நான் கையெழுத்துப் போட்டேன்.

ஒரு மாசி மாதம் அவர் இறங்கவில்லை.
"ஏனுங்க, எறங்கலியா?"
"ஆகலீங்க."
வண்டியின் காலி எடை எனக்கு மனப்பாடம்.
டீசல் கணக்குப் போக, கூடுதல் அறுபதுதான் காட்டியது.
பத்துக் கிலோ எங்கே என்று நான் கேட்கவில்லை.
எடை எங்கே என்று முதலாளி கேட்டார்.
அடுத்த மாதம் சீட்டில் வேறொருவர்.
சொல்லாமலே இறங்கினார்.

வாசித்து முடித்தேன்.
சலங்கைச் சத்தம் எப்போது நின்றதென்று தெரியவில்லை.
"கொப்பரை அப்ப கிலோ என்ன வெலைங்க?"
நர்ஸ் அக்கா கேட்டார்.
நூத்திப்பத்து என்றேன்.
உள்ளங்கையில் பெருக்கிப் பார்த்தார்,
விடையைச் சொல்லவில்லை.

பூரணி மேடம் கண்ணாடியைக் கழற்றினார்.
"நல்லா நிக்குது. கடைசி வரியை மட்டும் வெட்டிடுங்க,
அது இல்லாமயே போதும்."

வெட்டினேன்.
அவர் பேர் அதில்தான் இருந்தது.

சாயங்காலம் சென்னிமலை வழி காங்கேயம் பஸ்,
ஜன்னலோரம், மடியில் சான்றிதழ்.
விசில் ஊதுகிற நடத்துநர்
சில்லறை இல்லை என்று டிக்கெட்டின் பின்னால்
ஐந்து என்று எழுதிச் சுழித்துத் தந்தார்.
அதற்குக் கீழே எழுதினேன்:
சென்னியப்பன். முத்தூர்.

இறங்கும்போது பாக்கியைக் கேட்கவில்லை.
கேட்டால்
டிக்கெட்டைக் கொடுக்க வேண்டியிருக்கும்.