கைகள் மேலே

இகீகேக்குத் தெற்கே
மழை என்ற சொல்லையே கேட்டிராத மணல்மேட்டில்
முதல் மூன்று நாள் நான் பறக்கவில்லை.
துணியோடு மல்லுக்கட்டினேன்.
இருபத்தாறு சதுர மீட்டர் சிவப்புத் துணி.
காற்று வந்தால் எழும்,
எழுந்த கையோடு என்னைக் குப்புறத் தள்ளிவிட்டு
தானும் ஒரு பக்கமாய்ச் சாய்ந்து படுத்துக்கொள்ளும்.
பல்லிடுக்கில் மணல். காதில் மணல்.
இரவு விடுதியில் கடவுச்சீட்டைத் திறந்தால்
விசா முத்திரையின் மேலும் மணல்.

துறைமுகக் கணக்கைத் தணிக்கை செய்ய வந்தவள்,
பயணச்சீட்டைப் பதினொரு நாள் தள்ளிப்போட்டவள்.
காரணம் கேட்டவர்களிடம்
கணக்கு ஒத்துவரவில்லை என்றேன்.

யஸ்னா சிரிப்பதில்லை.
மூக்கின் மேல் வெள்ளைக் களிம்பு,
இடுப்பில் வாக்கி-டாக்கி.
சிக்குண்ட கயிறுகளை
பள்ளிக்கு நேரமாகிவிட்ட பிள்ளைக்குச் சடை பிரிப்பதுபோல
வெடுக்கென்று பிரித்துக் கையில் தருவாள்.
"திரும்பிப் பார்க்காதே.
மேலே இருக்கிறதா என்று முதுகைக் கேள்."
நாற்பத்துமூன்று வருஷமாய்
என் முதுகை நான் எதுவும் கேட்டதில்லை.

அவளிடம் நாற்பது ஆங்கிலச் சொல்.
என்னிடம் இருபது ஸ்பானியச் சொல்,
அவற்றுள் இடதும் வலதும்
எப்போது வேண்டுமானாலும் இடம் மாறிக்கொள்ளும்.
இடது புறங்கையில் பேனாவால் எழுதிவைத்தேன்:
இஸ்கியெர்தா.
தமிழில்தான்.

கூடப் படிப்பவள் நில்டா, பொலிவியாவின் ஓருரோவில் செவிலி.
"நான் பிறந்ததே மூவாயிரத்து எழுநூறு மீட்டரில்.
நீங்கள் பறக்கக் கற்கிறீர்கள்.
நான் இறங்கக் கற்கிறேன்"
என்று நண்டு எம்பனாடாவைக் கடித்தாள்.

அந்தச் சாப்பாட்டு நேரத்தில்தான்
உங்கள் மொழியில் காற்றுக்கு எத்தனை பேர் என்று யஸ்னா கேட்டாள்.
திசைக்கு ஒன்றாக விரல் மடக்கினேன்:
கொண்டல், கோடை, வாடை.
நான்காவதற்கு வந்ததும் என் குரலே குழைந்துவிட்டது.
தெற்கிலிருந்து வரும், மெல்ல வரும்,
வாசனையோடு வரும் என்றேன்.
அவள் விரலை எச்சில்படுத்தித்
தெற்கே நீட்டினாள்.
"எங்கள் தெற்கில் பெங்குவின்கள்.
வாசனை வருமே, மீன்வாசனை."
அன்றுதான் சிரித்தாள்.

ஆறாம் நாள், ஆல்தோ ஓஸ்பிசியோ.
பாலைவனம் சட்டென்று தீர்ந்துபோகும் விளிம்பு.
ஓடுபாதையின் நடுவில் தூங்கிய இரண்டு நாய்கள்
எழுந்து, எங்களைப் பார்த்து,
இன்னும் நாலடி தள்ளிப் படுத்தன.
கால்பட்டை, கால்பட்டை, மார்புப்பட்டை, தலைக்கவசம்.
ஓடு என்றாள். ஓடினேன்.
தரை முடிந்தபிறகும் ஓடினேன்.
சேதி இன்னும் கால்களுக்குப் போய்ச்சேரவில்லை.

பயத்தில் இரண்டு பிரேக்கையும் இழுத்துப் பிடித்தேன்.
காதருகே சீறிய காற்று
ஒரு கணம் மெலிந்தது.
அந்த அமைதி நல்லதல்ல என்று
முதுகு சொன்னது. கேட்காமலே சொன்னது.

"மானோஸ் அர்ரீபா!"
கைகள் மேலே.
திருடர்கள் சொல்வது, போலீஸ் சொல்வது.
பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்து வளர்ந்த கைக்கு
விட்டால் விழுவாய் என்பது ஒன்றே பாடம்.
விட்டேன்.
விரல் விரலாய்,
கட்டைவிரல் கடைசியாய்.
துணி மூச்சு வாங்கிக்கொண்டது.
செந்தலைக் கழுகு ஒன்று
சிறகசைக்காமல் அருகே வந்து, ஆர்வமிழந்து போயிற்று.
கீழே மொட்டைமாடியில் போர்வை உலர்த்திய பெண்
கண்ணுக்கு மேல் கை வைத்தாள்.

வானொலி பேசியது. இஸ்கியெர்தா.
புறங்கையைப் பார்த்தேன்.
வேர்வையில் வெறும் நீலக் கறை.
வலது பக்கம் திரும்பினேன்.

கடற்கரையில் ஆரஞ்சுக் கொடியோடு
பஸ்தியான் எனக்காகக் காத்திருக்க,
நகரத்தின் நடுவே கிடக்கும் பெரிய மணல்குன்றில்,
அட்டைப்பெட்டியில் சறுக்கிக்கொண்டிருந்த பையன்களுக்கு மத்தியில்
முழங்காலால் இறங்கினேன்.
துணி நிதானமாக வந்து
என்னை மூடியது.

உள்ளே எல்லாம் சிவப்பு.
வெளியே பையன்கள் கைதட்டுகிறார்கள்.
மார்பில் யஸ்னாவின் குரல்:
உயிரோடு இருக்கிறாயா?
நாளைக்கும் வருவாயா?

சீ என்றேன்.
அவள் மொழியில்.