லீட் லூசு

டவுன்ஹால் ரோட்டில் ஜபருல்லா
கண்ணாடி மேல் மூன்று போர்டுகளை வைத்தார்.
முதலாவதில் நகத்தளவு டிரைவர்கள்,
பத்து நிமிடத்தில் விரல் வைக்க முடியாது.
இரண்டாவதுக்குப் பழைய கம்ப்யூட்டர் வேண்டும்,
முதுகில் இருபத்தைந்து துளை உள்ள ரகம்.
மூன்றாவதில் உள்ளே வரும் கம்பி ஒவ்வொன்றுக்கும்
ஆப்டோ என்றொரு காவல்.
"இரைச்சல் வாசலோடு நின்னுரும் மேடம்,
எண்ணூறு கூட."
எண்ணூறு எனக்கு நான்கு நைட் டியூட்டி.
முதலாவதை எடுத்தேன்.
டிரைவர் மட்டும் தனியாக, பெரிதாக, மூன்று வாங்கினேன்.
ஆயிரத்தைந்நூறு ஆனது.
என் கணக்கு எப்போதும் அப்படித்தான்.

பெட்டி, சிம்மக்கல் பழைய இரும்புக் கடையில்
எடைக்குக் கிடைத்தது.
யார் வீட்டு மீட்டரோ குடியிருந்த பெட்டி.
கதவில் பாதி அழிந்த சர்வீஸ் நம்பர்,
உள்ளே உலர்ந்த பல்லி.
ஊருக்குச் சகுனம் சொல்லிவிட்டுக்
கழுநீர்ப் பானைக்குப் பதில் இங்கே விழுந்திருக்கிறது.

துவாரங்களுக்குக் கொசுவலை ஒட்டினேன்.
தகட்டை போர்டு தொடாதிருக்க
பால்பாயிண்ட் பேனாவை அரை இஞ்ச்சாக நறுக்கி
நான்கு மூலையில் செருகினேன்.
டிரைவர்களைச் செங்குத்தாக நிறுத்தினேன்,
சூடு மேலே போகட்டும் என்று.
மேசைக்குக் கீழே மாட்டினால் மரத்தூள்.
தெற்குச் சுவரில் வெயில்;
செல்லூர் மொட்டைமாடி, தகரக் கூரை,
பதினோரு மணிக்கே ஸ்குரூ டிரைவர் கையைச் சுடுகிறது.
வடக்குச் சுவர், சரி.
சுவருக்கு அந்தப் பக்கம்
துளசிராமின் தறிக்கூடம்.
தெரியும். அதனால் என்ன என்றிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஓடியது.
திங்களன்று பதினாறாவது நிமிடத்தில் நின்றது.
எல்லை தொட்டது, என்றது திரை.
போய்ப் பார்த்தேன்,
சுவிட்சுக்கும் அதற்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி.
திரும்பப் போட்டேன். ஒன்பது நிமிடம்.
திரும்ப. நான்கு.
தொடாததைத் தொட்டேன் தொட்டேன் என்கிறது.
சுவிட்சை மாற்றினேன்,
பாண்டி முனியிடம் ஒரு வார்த்தை சொன்னேன்,
எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன்.

அந்தப் பக்கம் ஒரு தறி நின்று
மறுபடி கிளம்பியது.
எல்லை தொட்டது.

வார்டில் தினம் பார்ப்பதுதான்.
ஏசி கிளம்பும்,
ஈசிஜி தாளில் கோடு ரம்பப் பல்லாகும்.
புது டாக்டர் பதறி வருவார்.
"பேஷண்டுக்கு ஒண்ணுமில்ல சார், லீட் லூசு,"
என்று வலது காலைப் பார்ப்பேன்.
கறுப்பு வயர்.
மற்ற வயர்கள் பேசுவதற்காக
ஒரு வயர் பேசாமல் இருக்க வேண்டும்.
என் மெஷினுக்கு
வலது காலே நான் போடவில்லை.

மோட்டார் கம்பியும் சுவிட்ச் கம்பியும்
ஒரே குழாயில் நசுங்கிக் கிடந்தன, பிரித்தேன்.
பின்னல் உறை போட்ட கம்பி வாங்கினேன்.
உறையை ஒரு முனையில் மட்டும் எர்த்தில் முடிந்தேன்,
இரண்டு முனையிலும் முடிந்தால்
அதுவே இரைச்சலை அழைத்து வருமாம்.
சுவிட்ச் உள்ளே நுழையும் இடத்தில்
பருப்பளவு கெப்பாசிட்டர், மேலே 104.
நூற்றிநாலு எனக்குக் காய்ச்சல்,
ஜபருல்லாவுக்கு ஒரு ரூபாய்.

எர்த் குழியில் உப்பும் கரியும்
எந்த வருடம் போட்டதோ.
மூன்று குடம் ஊற்றினேன்.
"செடியே இல்ல, யாருக்குத் தண்ணி?"
தார் சுற்றிக்கொண்டிருந்த ஒச்சம்மா கேட்டாள்.
"மண்ணுக்குத்தான்," என்றேன்.
ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

வியாழன்.
அந்தப் பக்கம் பன்னிரண்டு தறியும் அடிக்கின்றன.
முப்பது செண்டிமீட்டர் பலகை.
வேறெதுவும் வேண்டாம், ஒரு நேர்கோடு போதும் என்று
கட்டளை கொடுத்தேன்.
பத்து போனது. பதினைந்து.
நேர்கோட்டைக் கண்டால்
கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடிப் பழகிய கால்கள் இவை.
உட்கார்ந்து பார்த்தேன்.
தூள் சுருண்டு சுருண்டு விழுந்தது.
இருபது. இருபத்தைந்து.

இருபத்தெட்டில் கரண்ட் போனது.
இரண்டு பக்கமும் ஒன்றாக அடங்கின.
ஒச்சம்மா சுவரைத் தட்டினாள்.
"உனக்குமா?"