இரண்டு பதினேழு

நீ யார் என்று கேட்டேன்.
கேள்விக்குறியையும் சேர்த்து ஐந்தே எழுத்து,
தஞ்சாவூரில் மெடிக்கல் காலேஜ் ரோட்டு அறையிலிருந்து.
கொரடாச்சேரிக்குத் தெற்கே மோட்டார் கொட்டகையில்
யூரியா சாக்கின் மேல் உட்கார்ந்திருந்த அலைகாட்டி
செய்த கம்பெனி, மாடல், வரிசை எண்,
மென்பொருள் பதிப்பு வரை ஒப்பித்தது.
ஊர்ப் பெயர் மட்டும் சொல்லவில்லை. அதற்குத் தெரியாது.

அமிர்தகடேசனுக்கு இந்தக் குறுவையில் எரிந்தது மூன்றாவது மோட்டார்.
காயில் கட்ட நாலாயிரத்து ஐந்நூறு.
வோல்டேஜ் சரியாக இருக்கிறதாம்,
பகல் பதினொரு மணிக்கு வந்து பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.
மும்முனை வருவதோ நடுராத்திரி.

நூற்றெண்பதுக்குக் கீழே இறங்கினால் பிடி,
அதுவரை சும்மா இரு என்று கட்டளை அனுப்பினேன்.
சும்மா இருந்தது.
நான்தான் இரண்டு தடவை டீ போட்டேன்.

இரண்டு பதினேழுக்குப் பிடித்தது.
எண்கள் வந்தன, காற்புள்ளி காற்புள்ளியாக,
நடவு ஆட்கள் வரப்பில் வருகிற மாதிரி.
பத்தாயிரத்தில் ஆறாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டாவது ஆள்
வரப்பிலேயே நின்றுவிட்டான்.

போன் அடித்தேன்.
"மோடத்துல பச்சை எரியுதா?"
"எரியுது தம்பி. மேல ஒரு தவளை குந்தியிருக்கு."
"தட்டிட்டு, பிடுங்கிச் சொருகுங்க."
"எதை, தவளையையா?"

மறுபடி முதலிலிருந்து கேட்டேன்.
சலிக்காமல் முதலிலிருந்தே சொன்னது.

விழுந்தது ஒரே விழுகை இல்லை.
ஒன்பது படி.
இருநூற்றிருபதிலிருந்து நூற்றைம்பத்தொன்று வரை,
எல்லாம் இரண்டே நொடிக்குள்.
அந்த டிரான்ஸ்பார்மரில் ஒன்பது கொட்டகை,
ஒன்பது ஆட்டோ ஸ்டார்ட்டர்.
கரண்டு வந்த வேகத்தில்
ஒன்றின் தோளை ஒன்று இடித்துக்கொண்டு எழுந்திருக்கின்றன.

மணி பார்த்து மடை திறக்கிற ஊர்.
அரை நாழி முந்தினால் மண்வெட்டி பேசும்.
நானும் கருவியும் பேசும் கம்பியில்கூட
ஒருவர் முடித்தபின்தான் மற்றவர்.
கரண்டுக்கு மட்டும் முறை வைக்க
யாருக்கும் தோன்றவில்லை.

ஸ்டார்ட்டருக்குள் ஒரு சின்னத் திருகு இருக்கிறது,
ஆளுக்குப் பத்து நொடி தள்ளி வையுங்கள் என்றேன்.
விடிந்ததும் ஒன்பது பேரும் ஆற்றுப் பாலத்தில் கூடினார்களாம்.
எட்டு மணிக்கு அமிர்தகடேசன் கூப்பிட்டார்.
"எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க.
யாரு முதல்லன்னுதான்..."

பின்னால் நாலைந்து குரல்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
அலைகாட்டியை மறுபடி நூற்றெண்பதில் வைத்துவிட்டுப்
படுக்கப் போனேன்.