பத்தாவது மஞ்சள் அட்டை

புதுவயலில் மார்கழி, ராத்திரி ஒன்றரை மணி.
ஊறல் தொட்டியில் இருநூறு மூட்டை நெல்
ஆவிக்குக் காத்துக்கிடக்கிறது.
பாய்லர் வாய்க்கு உமி தள்ளிவிட்டு வந்து
தவிட்டு மூட்டைமேல் போனைச் சாய்த்து வைக்கிறேன்.
திரை முழுக்கப் பனி.
பனிக்குள் பதினொரு சிவப்புச் சட்டை.

நோர்ஹெல்ம்.
வாயில் நுழையாமல் எடைமேடைச் சாத்தையா
'நூறெலும்பு' என்றே பழகிவிட்டான்.
அந்த ஊர் சனம் மொத்தமும் திரண்டாலும்
கொப்புடையம்மன் தேர்க்கூட்டத்தில் ஒரு ஓரம்தான்.
கோலிக்கு மீன் ஃபாக்டரியில் ராத்திரி வேலை என்று
செப்டம்பரில் வர்ணனைக்காரர் இந்தியில் சொல்ல,
தபன் அதை அரைத் தமிழில் எனக்குச் சொன்னான்:
"உடப்பா, இவனும் நைட் ஷிப்ட்."
அதோடு முடிந்தது. அந்தக் கட்சிதான் நாங்கள்.
முதல் ஆட்டத்திலேயே ஐந்து வாங்கினார்கள்.
கட்சி மாறவில்லை.

இன்று கடைசி ஆட்டம்.
நாலு பேரில் இரண்டு பேருக்குத்தான் வழி.
எதிரே ஆடும் பெரிய ஊர்க்காரர்கள்
போன வாரமே ஏறிவிட்டார்கள்.
மிச்சம் ஒரு நாற்காலி,
அதில் பாதியில் ட்ரெவானாக்காரன் உட்கார்ந்திருக்கிறான்.
அவன் ஆட்டம் வேறு நாட்டில், இதே நேரம்,
தபன் போனில் வெறும் எண்ணாக.

எழுபத்தைந்தாவது நிமிடம்.
இங்கே ஒன்றுக்கு இரண்டு, நாங்கள்தான் ஒன்று.
அங்கே இரண்டுக்கு இரண்டு.
எடைச்சீட்டின் முதுகில் சாத்தையா கணக்குப் போடுகிறான்,
லாரியைக் கழித்து நெல்லைக் காண்கிற கை.
"இன்னொண்ணு போட்டா புள்ளி ஒண்ணு,
வித்தியாசம் ஒண்ணு, அடிச்ச கோலும் ஒண்ணு."
"அப்ப?"
"மஞ்ச அட்டைய எண்ணுவாங்ய.
நமக்கு ஒம்பது. அவனுக்கும் ஒம்பது."
"அப்ப?"
"திருவுளச்சீட்டுதான்."

முள் ஏறிவிட்டது.
இதற்குமேல் வால்வைத் திறக்காவிட்டால்
மேனேஜர் அட்டை காட்டமாட்டார்,
சம்பளத்தில் பிடிப்பார்.
போனேன். திறந்தேன்.
ஆவி சீறிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கிய சத்தத்தில்
உலகம் இருக்கிறதா இல்லையா தெரியவில்லை.
நெல் வெந்த வாசம் மட்டும்.
அதைக் கிழித்துக்கொண்டு ஒரு கத்தல்,
ஒடியாவில்.

ஓடி வந்தேன்.
மாற்று ஆளாக இறங்கிய பையன்,
பகலில் பனி அள்ளும் லாரி ஓட்டுகிறவனாம்,
சட்டையைக் கழற்றித் தலைக்குமேல் சுழற்றியபடி
கொட்டுகிற பனியில் வெற்றுடம்பாய் ஓடிக்கொண்டிருந்தான்.
தொண்ணூற்று இரண்டு. இரண்டுக்கு இரண்டு.
தபன் என்னைத் தூக்கினான்.
நான் தவிட்டு மூட்டையை உதைத்தேன்.
சாத்தையா மட்டும் அசையவில்லை.
ஒன்பது கோட்டுக்குப் பக்கத்தில்
மெதுவாக இன்னொரு கோடு போட்டான்.

நடுவர் சட்டைப்பையில் கை விட்டிருந்தார்.
பையன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை,
அவனுக்கு அந்தச் சமயம் முதுகே கிடையாது.

அங்கே ஆட்டம் அப்படியே முடிந்தது.
இங்கேயும் ஊதிவிட்டார்கள்.
பத்தும் ஒன்பதும்.
குலுக்குவதற்குக்கூடச் சீட்டில்லை.
"சட்டைக்கா?" என்றான் தபன்.
திரும்பவும், "சட்டைக்கா உடப்பா?"
என் உடம்பிலும் சட்டை இல்லை.
பாய்லர் முன்னால் யார் போடுகிறார்கள்.

மீன் ஃபாக்டரிக்காரன் மைதானம் முழுக்க நடந்து வந்து
தரையில் கிடந்ததை எடுத்து உதறி
பையன் தலைவழியே மாட்டிவிட்டான்.
உள்பக்கம் வெளியே தெரிந்தது.
எண் தலைகீழாக இல்லை, இல்லவே இல்லை.
அப்புறம் விளம்பரம் வந்துவிட்டது.

நாலு மணிக்கு அறந்தாங்கி லாரி மேடை ஏறியது.
சாத்தையா எடை எழுதி அதே சீட்டை நீட்டினான்.
டிரைவர் புரட்டிப் பார்த்தார்.
"பத்து, ஒம்பதுன்னு இது என்னய்யா?"
"கழிவு."
"போன லோடுக்கே கழிவு பிடிச்சீங்களேய்யா,"
என்று அவர் சண்டைக்கு நின்றார்.
கோயில் ஸ்பீக்கர் ஒருமுறை இருமிவிட்டுப் பாட ஆரம்பித்தது.
நான் உமி தள்ளப் போனேன்.